என் மனைவியின் போனில் பாடியவன்

பொறாமைக்கு ரோமிங் கட்டணம் கிடையாது. எந்தக் கடலைத் தாண்டினாலும் சிக்னல் குறையாமல் கூடவே வரும். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்த நாட்களில் இதை நான் சொந்தச் செலவில் கண்டுபிடித்தேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் மானம் போகும். பரவாயில்லை, அது ஏற்கெனவே ஒருமுறை எங்கள் வீட்டு மொட்டைமாடியில், என்னைப் பெற்ற தாயின் கண்ணெதிரிலேயே போய்விட்டது.

எனக்குக் கல்யாணம் ஆனது ஓர் ஆவணி மாதம். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்கும் மீதிப் பேர் சிங்கப்பூருக்கும் போய்விட்டு, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் வந்து தலைகாட்டிய காலம் அது. நானும் தாலி கட்டிய கையோடு புரட்டாசியில் விமானம் ஏறிவிட்டேன். சுவாமிமலைக்குப் பக்கத்தில், அரசலாற்றை ஒட்டிய எங்கள் வீட்டில் அம்மாவும் என் மனைவி புவனாவும் மட்டும்தான். அப்பா நான் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டிலிருந்த லேண்ட்லைன் ஒரு மழைக்காலத்தில் மூச்சை நிறுத்தியது, அப்புறம் அதைப் பார்க்க யாரும் வரவில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் புவனாவுக்கு ஒரு செல்போன் வாங்கித் தந்தேன்.

வாங்கிய இடத்திலேயே என் புத்தி வேலையைக் காட்டியது. சிம் கார்டு கடைக்காரன் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு இருந்தான்.

"அண்ணிக்குத்தான போனு? அண்ணியோட போட்டோ ஒண்ணு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்கண்ணே. அவங்க பேர்லயே போட்ருவோம்."

"அவ போட்டோ எதுக்கு?"

"கம்பெனிக்கு அனுப்பணும்ணே."

கம்பெனி என்றால் யார்? எத்தனை ஆண்கள்? அவர்கள் அந்தப் போட்டோவை எங்கே வைப்பார்கள்? எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "என் பேர்ல போடு" என்று சொல்லி, என் பாஸ்போர்ட் நகலையும் என் மூஞ்சியையும் கொடுத்தேன். (இதைவிட மோசமாகவும் இருந்திருக்கிறேன். முகூர்த்தப் புடவை எடுக்கப் போன கடையில், புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டிய ஆளைப் பார்த்துப் புவனா சிரித்துவிட்டாள் என்பதற்காக அந்தப் புடவையே வேண்டாம் என்று சொன்னவன் நான்.)

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புவனா என் பெயரைச் சொல்ல மாட்டாள். நேரில் "என்னாங்க", மற்றவர்களிடம் "எங்க வீட்ல". புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அம்மா போட்ட சட்டம். சரி, அம்மாவாவது சொல்வாளா என்றால் அதுவும் கிடையாது. எனக்கு வைத்தது தாத்தாவின் பெயர், அதாவது அம்மாவுக்கு மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் எப்படிச் சொல்வாள்? ஆகவே பிறந்ததிலிருந்து நான் அம்மாவுக்கு "தம்பி". ஆக, சுவாமிநாதன் என்ற என் பெயரை எங்கள் வீட்டில் உச்சரிக்க உரிமையுள்ள ஒரே ஆள் நான்தான். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

சிங்கப்பூரில் என் அறையில் பக்கத்துக் கட்டில்காரர் அதிராம்பட்டினத்து ஜமால் பாய். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், சமையல் அவர் கையில், பொறுமையும் அவர் கையில். தேக்கா கடைத்தெருவில் போன் கார்டு வாங்கி, பின்புறத்தைச் சுரண்டி, ஒரு முழ நீள எண்ணை அழுத்தினால் ஊருக்குப் பேசலாம். எனக்கு வேலை விட்டு வரும் நேரம் அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். புவனா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். எங்கள் தெருவுக்கு வாய்க்கால் தண்ணீரைப் போலவே சிக்னலும் முறை வைத்துத்தான் வரும், அதுவும் தொட்டியடியில் மட்டும்தான் வரும்.

தை மாதம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் கூப்பிட்டால் "ட்ரிங் ட்ரிங்" என்று மணி அடிக்கும், அவள் எடுப்பாள். பொங்கல் கழிந்த ஒரு நாள் கூப்பிட்டேன். மணி அடிக்கவில்லை. ஒருவன் பாடினான்.

சாதாரணப் பாட்டு இல்லை. கொட்டும் மழையில் நனைந்தபடி ஒருத்தியை வா வா என்று கூப்பிடுகிற பாட்டு. குரலில் அப்படி ஒரு குழைவு. வயலின்கள் வேறு. தப்பான நம்பர் போட்டுவிட்டேன் என்று வைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அவனே, அதே மழையில் நின்றுகொண்டிருந்தான். புவனா போனை எடுத்ததும் அவன் நின்றான்.

"யாரு பாடுறது?" என்றேன்.

"பாட்டா? இங்க யாரும் பாடலியே. அத்தை வடகத்துக்கு வெங்காயம் உரிக்கிறாங்க."

"போன்ல பாட்டு வச்சிருக்கியே, ரொம்ப நல்லாருக்கு."

"நான் என்ன பாட்டு வச்சேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

காலர் ட்யூன் என்பது கூப்பிடுகிறவன் காதில்தான் விழும், போன் வைத்திருப்பவருக்குக் கேட்காது என்ற அடிப்படை அறிவு அன்று எனக்கு இல்லை. தன் போனிலேயே பாடுகிற பாட்டைத் தெரியாது என்கிறாளே, அப்படியென்றால் மறைக்கிறாள், மறைக்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது. இப்படி ஒரு படிக்கட்டுக் கட்டி அதில் நானே ஏறி உச்சிக்குப் போய்விட்டேன். அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வர, "சரி சரி, கார்டு தீரப் போவுது" என்று பொய் சொல்லி வைத்தேன்.

அன்று ஜமால் பாய் ஊருக்குப் பேசுவதை வேண்டுமென்றே பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் வீட்டுப் போன் "ட்ரிங் ட்ரிங்" என்றுதான் அடித்தது. எத்தனை ஒழுக்கமான மணி! அந்த மணியைக் கேட்டு எனக்கு வந்த வயிற்றெரிச்சலில் அவர் ஆக்கிய மீன் குழம்பை இரண்டாவது முறை வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பாட்டு மாறியது. மழைக்காரன் போய்விட்டான். இப்போது ஓர் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, எங்கே சந்திக்கலாம், எப்போது சந்திக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த சில நாட்களில் இன்னொன்று. அதில் அந்தப் பெண் மட்டும் தனியாக, உன்னை நினைத்துத் தூக்கமே இல்லை என்று உருகினாள். வேறு யாருக்காவது இது மூன்று பாட்டு. எனக்கு அது ஒரு முழுக்கதை. முதலில் கூப்பிட்டான், பிறகு சந்தித்தார்கள், இப்போது தூக்கம் போய்விட்டது. அடுத்த பாட்டு தாலாட்டாக இருந்துவிடுமோ என்று நான் நடுங்கினேன்.

ஜமால் பாயிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அது கம்பெனிக்காரன் வேலை தம்பி" என்றார் அவர். "கேக்காமலே பாட்ட போட்டுட்டு மாசா மாசம் காசு புடிப்பான். எங்க மச்சான் போன்ல இப்படித்தான் குழந்தை சிரிச்சிக்கிட்டே கெடந்துச்சு. சபுருக்கு வந்தவன் கண்டதையும் நெனக்கக் கூடாது." (பிழைப்புக்காகக் கடல் கடந்து வருவதை அவர் ஊரில் சபுர் என்பார்கள்.)

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனாலேயே நான் நம்பவில்லை. கம்பெனிக்காரனாக இருந்தால் ஒரே பாட்டைப் போடுவான், வாரத்துக்கு ஒன்றாக ஏன் மாற்றப் போகிறான்?

அப்புறம் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. பாட்டாவது கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை. நான் கூப்பிடும் நேரமெல்லாம், "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு பெண் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு என் மேல் என்ன கோபமோ, "வேறொருவருடன்" என்பதை மட்டும் அழுத்திச் சொல்வாள். அரை மணி கழித்துப் போட்டாலும் வேறொருவர். முக்கால் மணி கழித்துப் போட்டாலும் வேறொருவர். எங்கள் எதிர்வீட்டு வாத்தியாருக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

அம்மா மூச்சிரைக்க வந்தாள். "சொல்லு தம்பி, சாப்ட்டியா?"

"புவனா எங்கம்மா? போனு பிஸியாவே இருக்கு."

"மாடியில பேசிட்டிருக்கா தம்பி. பிரகாசு, பிரகாசுன்னு ஒரு புள்ள. தங்கமான புள்ள. என்னா பொறுமையா பேசுது தெரியுமா!"

"யாரும்மா பிரகாசு?"

"அது... நீ ஒண்ணும் கவலப்படாத. எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும் அவளே சொல்லுவா. எதிர்வீட்ல நின்னு எல்லாத்தயும் பேச முடியுமா? வச்சிடட்டா?"

வைத்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததுமா? எது முடிவது? பெண்களுக்காவது சக்களத்தி என்று ஒரு வார்த்தை இருக்கிறது, பெயர் சொல்லித் திட்டலாம். ஆணுக்கு அப்படி ஒரு வார்த்தை தமிழில் இல்லை. வார்த்தையே இல்லாத ஓர் ஆள் என் வீட்டு மொட்டைமாடி வரைக்கும் வந்துவிட்டான், என் அம்மாவிடம் தங்கமான பிள்ளை என்று பெயரும் வாங்கிவிட்டான்.

பாட்டை வைத்தது யார் என்று கம்பெனியிடமே கேட்டுவிடுவது என்று, புத்தம்புதுக் கார்டு ஒன்றைச் சுரண்டி வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். பில் பற்றி அறிய இரண்டு, புதிய சலுகைகளுக்கு மூன்று, ஜோதிடத்துக்கு நான்கு. "என் மனைவியின் போனில் பாடுகிறவன் யார்" என்பதற்கு எண்ணே இல்லை. ஒன்பதை அழுத்தியதும் ஒரு பெண் குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது. காத்திருந்தேன். மறுபடி முக்கியம் என்றது. இடையில் போன் கார்டுக்காரி குறுக்கே புகுந்து, "உங்கள் இருப்பு குறைந்துகொண்டிருக்கிறது" என்றாள். அவள் முக்கியம் என்றாள், இவள் குறைகிறது என்றாள். இரண்டு பெண்களும் மாறி மாறிச் சொல்ல, நான் நடுவில் போன் சாவடியில் வியர்த்து நின்றேன். கடைசியில் மணி அடித்தது, ஓர் உண்மையான மனிதக் குரல் "வணக்கம்" என்றது, கார்டு தீர்ந்துபோனது.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பட்டறை மேற்பார்வையாளரிடம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பச்சைப் பொய் சொல்லி லீவு வாங்கினேன். ஜமால் பாய், "யாருக்கிட்டயும் சொல்லாம போற தம்பி, நல்லதில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு, அம்மாவுக்காக ஒரு கோடாலித் தைலம் பாட்டிலைக் கையில் திணித்தார்.

திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று பஸ் மாறி, மத்தியான வெயிலில் எங்கள் தெருமுனையில் இறங்கினேன். சிங்கப்பூரிலிருந்து வருகிறவன் என்றால் பெட்டி இருக்க வேண்டும், பெட்டியின் மேல் கயிறு இருக்க வேண்டும், அதன்மேல் பெயிண்ட்டில் பெயர் இருக்க வேண்டும். நான் வெறுங்கையோடு, சட்டைப்பையில் ஒரு தைல பாட்டிலோடு வந்தேன். டீக்கடையிலிருந்த ஒருவர், "என்ன தம்பி, பொட்டி பின்னால வருதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். சம்பா அறுவடை முடிந்து தெருவெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. இருந்த ஆத்திரத்தில் செருப்புக் காலோடு அதன்மேல் நடந்துவிட்டேன். "கண்ணு தெரியலயா? நெல்ல போய் செருப்போட மிதிக்கிறான்!" என்று ஓர் அம்மாள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. என் வீட்டு மாடியில் மட்டும் கேட்கவில்லை. அங்கே சிரிப்புச் சத்தம்.

புவனாவின் சிரிப்பு. கல்யாணமாகி நான் கூட இருந்த நாட்களில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு சிரிப்புக்காகவே பிரகாஷைக் கொல்லலாம் என்று தோன்றியது. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனையாக ஏறினேன். பாதிப் படியில் குரல் தெளிவாகக் கேட்டது.

"ம்ஹூம்... அது இல்ல... அய்யோ, கிட்ட வந்துட்டீங்க! இன்னும் கொஞ்சம்தான்..."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் வாயால எப்படிங்க சொல்றது? கூச்சமா இருக்கு. நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நான் ஆமான்னு சொல்லிடறேன்."

அதோடு விட்டதா? அடுத்து என் அம்மாவின் குரல் வந்தது.

"விட்றாதடி! இன்னிக்கி எப்பிடியாச்சும் அந்தப் புள்ள வாயிலேருந்து வரவச்சிடு!"

பெற்ற தாயுமா! மிச்சப் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. தொட்டியடியில் புவனா நின்றுகொண்டிருந்தாள், கையில் போன். பக்கத்தில் அம்மா, பாயில் கிள்ளி வைத்த வடகத்துக்குக் காவலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு. நான் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டு கத்தினேன்.

"யார்ரா நீ? அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட என்னடா பேச்சு? நான் யாருன்னு தெரியுமாடா? சுவாமிநாதன்! இவ புருஷன் சுவாமிநாதன்டா!"

மறுமுனையிலிருந்து மிக மரியாதையான குரல் ஒன்று சொன்னது.

"மிக்க நன்றி சார். பெயர் சரியாக இருக்கிறது. பிறந்த தேதியும் சொல்லிட்டீங்கன்னா வெரிஃபிகேஷன் முடிஞ்சிடும்."

நான் பிறந்த தேதியைச் சொன்னேன். (என்ன செய்வது? எத்தனையோ கவுன்டர்களுக்கு முன்னால் நின்று பழகிய வாய். கோபத்திலும் வரிசையாகத்தான் பதில் சொல்லும்.)

"சுவாமிநாதன்!" என்று அந்தக் குரல் உற்சாகமாகக் கூவியது. "எனக்குத் தோணவே இல்லைங்க மேடம்! கந்தசாமின்னு கிட்ட வந்தேன் பாருங்க, அந்தச் சாமிய முன்னாடி போட்டுப் பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும்! நம்ம கோயமுத்தூர் பக்கம் பழனிச்சாமி, தண்டபாணிதாங்க ஜாஸ்தி. சார், மேடம் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. பேர் சொல்லாம பாட்டை எடுக்க எங்களுக்கு பர்மிஷன் இல்லைங்க சார். எங்க ஸ்கிரீன்லயும் பேர் தெரியாதுங்க, டைப் பண்ணா சரியா தப்பான்னு மட்டும்தான் காட்டும். மூணு வாரமா நாங்க எல்லாருமா சேர்ந்து யோசிச்சிட்டு இருக்கோம்."

விஷயம் இவ்வளவுதான். எங்கள் சின்னம்மா ஒருநாள் கூப்பிட்டுவிட்டு, "என்னடி உன் போன்ல காதல் பாட்டு ஓடுது?" என்று கேட்ட பிறகுதான் நான் எதைக் கேட்டேன் என்பதே புவனாவுக்குப் புரிந்திருக்கிறது. நான் மறுபடி கூப்பிடுவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று தவித்திருக்கிறாள். இயந்திரக் குரல் சொன்ன எண்ணை அழுத்தினால் பாட்டு போகவில்லை, வேறு பாட்டு வந்தது. அடுத்த எண்ணை அழுத்தினால் அடுத்த பாட்டு. ஆள் ஒருவர் கிடைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "போன் யார் பேர்ல இருக்கு மேடம்?" என்பது. என் பெயரில். அதை அவளும் சொல்ல மாட்டாள், அம்மாவும் சொல்ல மாட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னாலும் சொன்னதுதான் என்று அம்மா தீர்ப்புக் கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னால், மருமகள் போனில் காதல் பாட்டு ஓடுகிற சங்கதி ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே, முருகன் பேரு, பக்கத்துக் கோயில் சாமி பேரு, அப்பாவுக்கே பாடம் சொன்ன சாமி என்று குறிப்புக் கொடுத்து, பிரகாஷ் வாயிலிருந்தே என் பெயரை வரவழைக்க மாமியாரும் மருமகளும் நாள் தவறாமல் பாடுபட்டிருக்கிறார்கள். கம்பெனியில் பிரகாஷைத் தவிர வேறு யாராவது போனை எடுத்தால் வைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள் புவனா. புது ஆளிடம் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே! அதனால்தான் நான் கூப்பிட்டபோதெல்லாம் வேறொருவர்.

இதெல்லாம் எனக்குப் பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அந்த நேரத்தில் மாடியில் நடந்தது வேறு. பிரகாஷ் பெயரைச் சொன்னதும் புவனா முதலில் கைதட்டிச் சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வெறுங்கையைப் பார்த்தாள். நான் போனில் கத்தியதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுக்காகவா வந்தீங்க?" என்றாள்.

நான் தைல பாட்டிலை அம்மாவிடம் நீட்டினேன். "அம்மாவுக்கு ஒடம்பு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கென்னடா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றாள் அம்மா.

"தலை தீபாவளிக்கு லீவு இல்லன்னீங்க" என்றாள் புவனா. அவள் குரல் உயரவே இல்லை. "எங்கப்பா மோதிரம் வாங்கி வச்சிக்கிட்டு வாசல வாசல பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் தனியா எண்ணெ தேச்சிக் குளிச்சேன். அதுக்குக் கெடைக்காத லீவு இதுக்குக் கெடச்சிருச்சா?"

அவள் விடவில்லை.

"அந்தப் புள்ள முகம் தெரியாத புள்ள. மேடம் அழுவாதீங்க, கண்டுபுடிச்சிடலாம்னு சொல்லிட்டு, முருகனுக்கு இருக்குற அத்தன பேரையும் கேட்டுட்டு வந்து ஒண்ணொண்ணா சொல்லிப் பாத்துச்சி. நீங்க ஒரே ஒரு தடவ, என்னா புவனா, என்னா நடக்குதுன்னு கேட்டீங்களா? கார்டு தீந்துபோச்சின்னு வச்சிட்டீங்க."

எனக்கு அப்போது வந்ததும் பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் இந்த முறை நியாயமான பொறாமை. என் மனைவியின் அழுகையைக் கேட்டவன் அவன், சிரிப்பைக் கேட்டவன் அவன், அவளுக்கு விடுகதை போடத் தெரியும் என்று அறிந்தவனும் அவன். நான் அவளுடைய மணியோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன். இவ்வளவும் நடக்கும்போது போன் என் கையிலேயே இருந்தது. அதிலிருந்து, "சார், உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவையா?" என்ற குரல் வந்தது. தேவைதான், ஆனால் அது அவர்கள் சேவையில் இல்லாத உதவி. இணைப்பு முடியும்போது, பயிற்சிக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்பட்டது என்று ஒரு பெண் சொன்னாள். வாடிக்கையாளர் கத்தினால் எப்படிப் பொறுமை காப்பது என்று புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் என் குரலைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள் என்பது என் பயம்.

லீவு நாட்கள் அத்தனையும் புவனா என்னோடு பேசவில்லை. சோறு வந்தது, காபி வந்தது, பேச்சு வரவில்லை. நான் தெருவில் போனால் பெட்டி வந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். மாமனார் மோதிரத்தோடு வந்து, மாப்பிள்ளை திடீரென்று வந்ததில் பூரித்துப்போய் அதை என் விரலில் போட்டுவிட்டார். புவனா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மோதிரம் விரலில் ஏறியபோது இறுக்கியதா, அவள் பார்வை இறுக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு வாத்தியார் ஏதோ காரியமாகக் கூப்பிட்டுவிட்டு, "உங்க போன்ல பாட்டு நல்லாருக்கே" என்றார். அத்தனை கூத்துக்குப் பிறகும் பாட்டு போகவில்லை! பிரகாஷ் எடுத்த இடத்தில் கம்பெனி கேட்காமலே புதிதாக ஒன்றைப் போட்டிருந்தது. புவனா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், அம்மாவும் வந்தாள். இந்த முறை எடுத்தது பிரகாஷ் இல்லை, ஏதோ ஒரு பெண். எடுத்ததும் அதே கேள்வி, போன் யார் பெயரில் இருக்கிறது?

புவனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தொட்டித் தண்ணீர் அதிரும்படி சொன்னாள்: "சுவாமிநாதன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே! அவன் ஆயுசுடி!"

"கொஞ்சம் கொறஞ்சா பரவால்ல அத்தை" என்றாள் புவனா. "நெறயத்தான் இருக்கு."

பாட்டு அன்றைக்கே போய்விட்டது. என் பெயர் மட்டும் அவள் வாயிலிருந்து போகவே இல்லை. சிங்கப்பூருக்குப் போன பிறகு முதல் முறையாகக் கூப்பிட்டேன். மணி "ட்ரிங் ட்ரிங்" என்று அடித்தது. எடுத்தவள், "சொல்லுங்க சுவாமிநாதன்" என்றாள். அடுத்த தீபாவளிக்கு லீவு கேட்டேன், தரமாட்டேன் என்றார்கள். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். அந்தச் செய்தியை முதலில் கேட்டுச் சிரித்தவர் ஜமால் பாய்தான்.

இப்போது தஞ்சாவூரில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள், அவளுக்கு இந்தக் கதை வரிக்கு வரி மனப்பாடம். எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று நான் எதையாவது கேட்க ஆரம்பித்தால், "பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்பாள். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் "கிட்ட வந்துட்டீங்க, கிட்ட வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே இடம் விடுவார்கள். பிரகாஷ் எங்கே இருக்கிறாரோ தெரியாது. எங்கள் வீட்டில் அவருக்கு இருக்கும் மரியாதை எனக்கு இன்னும் வரவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

போன மாதம் போன் கம்பெனியிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். ஏதோ புதிய திட்டமாம். சிம் இன்னமும் என் பெயரில்தான் இருக்கிறது. புவனா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் செய்தித்தாளைப் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

"போன் யார் பேர்ல இருக்கு மேடம்?"

"சுவாமிநாதன்."

"உறுதியா சொல்றீங்களா மேடம்?"

"அவர் இங்கதான் உக்காந்திருக்காரு, எதாச்சும் சந்தேகம்னா அவரயே கேட்டுக்கங்க தம்பி" என்றாள் புவனா, கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "சந்தேகத்துல அவர அடிச்சிக்க இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது."